அக்னிக்கு விழுந்த அரியர்

"கடல்ல விழணும்னுதான விட்டான்? கடல்லதான விழுந்துது? பின்ன எப்பிடி மக்கா தோல்வியாவும்?"

இனயம் கரையில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டா கேட்ட கேள்வி இது. 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை காலை. மீன்பிடித் தடைக்காலம், மழைக்காலக் கடல் வேறு. தொழிலுக்குப் போக வழியில்லாமல் ஆம்பளைகள் எல்லாரும் கரையில். பேசுவதற்கு மூன்று தோல்விகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒரிசாவின் வீலர் தீவிலிருந்து ஏவின அக்னி-3 ஏவுகணை இலக்குக்கு வெகு முன்னாலேயே கடலில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி பெர்லினில் ஜிடேன் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கி, பிரான்ஸ் பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது. (பிரேசிலை வெளியே அனுப்பின பிரான்சுக்கு இது வேணும் என்று பாதிக் கடைக்குச் சந்தோஷம்.) திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-எஃப்02 ராக்கெட் இன்சாட்-4சி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பி, ஒரு நிமிஷம் சொச்சத்தில் வழி தவறி நொறுங்கிப் போனது.

நாலாவது தோல்வி ஒன்று இருந்தது. அது என்னுடையது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

கரைக்கு வடக்கே மேட்டில் இருக்கிறது எங்கள் காலனி. அப்பா கொத்தனாருக்குக் கையாள். காலனியிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் ஆள் நான், ரெண்டாவது ஆள் என் சேக்காளி. மூன்றாம் வருஷ ரிசல்ட் வந்திருந்தது. எனக்கு மூணு அரியர், அவனுக்கு ஏழு. ரிசல்ட்டைப் பார்த்த ஒரு வாத்தியார், பெயர் எதற்கு, வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "கோட்டாவுல கொண்டுவந்து உக்கார வச்சா இப்பிடித்தான் ஆகும். பாலம் இடிஞ்சா யாரு பொறுப்பு?" நாங்கள் படித்தது எலக்ட்ரிக்கல். பாலத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்னி விழுந்த செய்தியைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. 'விழட்டும்லே, நீயும் விழு' என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் கழிந்து யோசிக்கும்போது அந்தச் சந்தோஷம் பிழை என்று படுகிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பேசாமல் விடுவதும் பிழைதான்.

கடையில் விவாதம் மும்முரமாக நடந்தது. ராக்கெட் கிளம்பிப் போச்சா இல்லியா? போச்சு. அப்ப வெற்றி. சொன்ன இடத்துக்குப் போய்ச் சேந்துதா? இல்லை. அப்ப தோல்வி. தேங்காய் பறிக்க ஏறினவன் பாதி மரத்தில் விழுந்தா அது பாதி வெற்றியாலே என்று ஒருத்தர். கொல்லத்துக்குப் போன போட்டு விழிஞ்ஞத்தில் நின்னா விழிஞ்ஞம் வரைக்கும் போனதாக் கணக்கு உண்டா இல்லியா என்று இன்னொருத்தர். பாட்டாவின் கேள்விக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதுதான் அங்கே கேட்கப்பட்டதிலேயே பொருள் உள்ள கேள்வி. ஏவுகணை ஜெயித்தாலும் கடலில்தான் விழும், தோற்றாலும் கடலில்தான் விழும். ஜெயித்தது எது, தோற்றது எது என்று யார் சொல்லுவது?

விஷயத்துக்கு வருவோம். அக்னி-3 இரண்டு அடுக்குள்ள ஏவுகணை. இரண்டுமே திட எரிபொருள். 3,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்று கட்டினது. முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்றுவிட வேண்டும், இரண்டாவது பற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பிரிதல் நடக்கவில்லை. சோதனையில் வெடிகுண்டு எதுவும் இருக்காது, எடைக்கு ஒரு டம்மிதான் இருக்கும். ஏவுகணைக்குள் இருக்கும் கருவிகள் வெப்பம், அழுத்தம், திசை எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கீழே அனுப்பிக்கொண்டே போகும். கரையில் ராடாரும் கேமராவும் பின்தொடரும். விழ வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் கடற்படைக் கப்பல்கள் காத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பாதியில் விழுந்தாலும், விழுந்த நொடிவரைக்கும் உள்ள கணக்கு கையில் இருக்கும். முதல் அடுக்கு எப்படி எரிந்தது, வழிகாட்டும் கருவி எப்படி வேலை செய்தது, எந்த நொடியில் எது கெட்டது, எல்லாம் தெரியும்.

அதனால் இன்ஜினியர்கள் ஒன்று சொல்லுவார்கள்: உருவாக்கக் கட்டத்தில் ஒரு சோதனை என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான், தெரிந்துகொண்டால் அது வீண் இல்லை. நான் இதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஜூலையில் ஏவுகணை தோற்றது, சோதனை தோற்கவில்லை. கோளாறைக் கண்டுபிடித்தார்கள், சரி பண்ணினார்கள், 2007 ஏப்ரல் 12 அன்று திரும்ப ஏவினார்கள், பறந்தது. ஒன்பது மாசத்தில் அக்னி-3 அரியர் எழுதிப் பாஸ். ஜிஎஸ்எல்வியும் அப்படித்தான். பக்கவாட்டில் நாலு இன்ஜின். அதில் ஒன்றில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு பாகத்தில் செய்முறைப் பிழை என்று ஆய்வுக் குழு கண்டுபிடித்துச் சொன்னது. 2007 செப்டம்பரில் அடுத்த ராக்கெட் இன்சாட்-4சிஆரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதெல்லாம் சரி. என் வழக்கு வேறு. ஒரு உலோகக் குழாய்க்குக் கொடுத்த நியாயத்தை எனக்கும் என் சேக்காளிக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. எங்களுக்கு ஆய்வுக் குழு யாரும் போடவில்லை. எந்த அடுக்கில் கழறவில்லை, ஏன் கழறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கணக்குக் கேட்டவன் எந்த நொடியில் தடுமாறினான் என்று டெலிமெட்ரி பார்த்தவன் கிடையாது. நேரே தீர்ப்பு: 'கோட்டா.'

அந்த வருஷம் எது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். 2006 ஏப்ரலில்தான் மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று அர்ஜுன் சிங் அறிவித்தார். மே மாசம் முழுக்க டெல்லியில் மருத்துவ மாணவர்களின் போராட்டம். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கூட்டினார்கள், செருப்புக்குப் பாலிஷ் போட்டார்கள். 1990இல் மண்டலுக்கு எதிராகச் செய்ததையே திரும்பச் செய்தார்கள். 'தகுதி செத்தால் நாங்கள் இந்த வேலைதான் செய்ய வேண்டிவரும்' என்பது அதன் அர்த்தம். அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற சனங்கள் அதே ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தக் 'தகுதி'க்காரர்களுக்குத் தோன்றவே இல்லை. கேமராக்காரர்களுக்கும் தோன்றவில்லை. 'தகுதி போனால் தேசம் விழுந்துவிடும்' என்று இரண்டு மாசம் டிவியில் கத்தினார்கள். ஜூலையில், ஒரே நாள் இடைவெளியில், இரண்டு ராக்கெட் விழுந்தது. தேசம் விழவில்லை. தகுதி என்ற வார்த்தையை அந்த வாரம் ஒரு பயலும் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது, ஏனென்றால் விழுந்தது அவர்களுடைய தகுதி. ஆராய்ச்சி நடத்துகிற, ஆராய்ச்சியை வழிநடத்துகிற விஞ்ஞானப் பதவிகளில், முதல் பிரிவின் கீழ்ப்படிக்கு மேலே இட ஒதுக்கீடு பொருந்தாது என்று மத்திய அரசின் விலக்கு ஆணை 1975இலிருந்தே உண்டு. அந்த 27 சதவீதத்துக்கான சட்டம் 2007 ஜனவரியில் கலாமின் கையெழுத்தோடு வந்தபோது, அதிலும் ஒரு அட்டவணை இருந்தது. எட்டு நிறுவனங்களுக்கு விலக்கு. மும்பையில் டாடா ஆராய்ச்சி நிலையம், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் என்று போகிற அந்தப் பட்டியலில் திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் ஒன்று. இனயத்திலிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மூணு மணி நேரத்தில் போய்விடலாம். தும்பாவில் மீன்பிடிக் கிராமத்து மக்கள் தங்கள் மாதா கோவிலையே விட்டுக்கொடுத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பின அதே கரை. கோவிலைக் கொடுத்தவர்கள் கரைக்காரர்கள். படிக்கப் போனால் வாசலில் 'தகுதி' நிற்கிறது. கதவைப் பூட்டி உள்ளே அவர்கள் மட்டும் இருந்து கட்டினார்கள், அதுவும் விழுந்தது. ஆகவே கேட்கிறேன், இட ஒதுக்கீட்டால் விழுந்த ராக்கெட் எது? ஒன்று காட்டுங்கள்.

விழுவது தப்பில்லை என்றும் சொல்லிவிட்டேன். கலாமின் கதையே அதற்குச் சாட்சி. 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3. அவர்தான் திட்ட இயக்குநர். கம்ப்யூட்டர் நிறுத்து என்றது, கூட இருந்த நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள், கலாம் ஏவச் சொன்னார். ராக்கெட் வங்கக்கடலுக்குள் போனது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் ஜூலை 18 அன்று ஜெயித்தபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். கலாமே எத்தனையோ மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அதைத் தலைமைப் பண்பு என்று படிக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் ஒருத்தருக்குத் தோற்க உரிமை கிடைத்தது. அதைக் கொடுக்க ஒரு ஆள் இருந்தார். அந்த உரிமை இல்லாமல் 1989 மே 22 அன்று பறந்த முதல் அக்னி இல்லை. அதுகூட ஏப்ரல் 20 அன்று கிளம்ப வேண்டியது, கடைசி நொடிகளில் நின்று, பத்திரிகைகள் கார்ட்டூன் போட்டுக் கிண்டலடித்தபிறகுதான் பறந்தது. 1992 மேயில் இரண்டாவது அக்னி தோற்றது. 1994 பிப்ரவரியில் மூன்றாவது ஜெயித்தது. மூன்றில் இரண்டு. எங்கள் காலேஜ் கணக்கில் இது 'ஆவரேஜ்' பையன்.

2015இல் ரூர்க்கி ஐஐடியில் முதல் வருஷத்தில் 5 புள்ளிக்குக் கீழே எடுத்தார்கள் என்று 70க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள். நீதிமன்றம்வரைக்கும் போய், கூச்சல் கிளம்பி, கடைசியில்தான் முதல் வருஷத்தைத் திரும்பப் படிக்க இடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு: ஐந்து வருஷத்தில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து பாதியில் வெளியேறின தலித், பழங்குடி, பிற்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் தலித் மாணவர்கள் 1,068. இவர்கள் வேறு படிப்புக்கு மாறிப் போவதாகவும் இருக்கலாம் என்று ஒரு விளக்கமும் கூடவே வந்தது. இலக்கு மாறிப் பறந்தது என்று எந்த ஏவுகணைக்காவது சொல்லுவீர்களா? ரோகித் வெமுலா படித்த ஹைதராபாத்தில்தான் ஏவுகணை ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. அங்கே விழுந்ததைத் திரும்பக் கட்டுவதற்குத் தனிக் கட்டடங்கள் உண்டு.

இனி, பாட்டாவின் கேள்விக்கு மறுபக்கம். யார் சொல்லுவது? பரிட்சையில் கேள்வித்தாள் போடுகிறவர் ஒருத்தர், திருத்துகிறவர் ஒருத்தர். ஏவுகணையில் இலக்கு வைப்பதும், ஏவுவதும், அளப்பதும், வெற்றி என்று அறிவிப்பதும் ஒரே வீட்டு ஆட்கள். ரகசியம் வேண்டும்தான், முழுக்கத் திறந்து வை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி அறிவித்த வெற்றிக்கு எவ்வளவு எடை? 1999 ஏப்ரலில் அக்னி-2 முதல் சோதனையில் வெற்றி. பிறகு ராணுவத்தின் கைக்கும் போனது. 2009 மே 19 அன்று ராணுவத்தாரே ஏவினபோது தோல்வி. அதே வருஷம் நவம்பர் 23 ராத்திரி ஏவினபோது திரும்பவும் தோல்வி. இதை நான் அக்னி-3 மாதிரி விடமாட்டேன். தெரிந்துகொள்ள ஏவின சோதனை இல்லை இது; 'ரெடி' என்று சொல்லி அடுக்கி வைத்ததை எடுத்துப் பார்த்த சோதனை. ஒன்று படிக்கும்போது தப்பு விடுவது, மற்றது சர்ட்டிபிகேட் வாங்கினபிறகு தப்பு விடுவது. இரண்டையும் ஒரே வார்த்தையால் மூடக்கூடாது.

அதே 2009 ஆகஸ்டில் கே. சந்தானம் வாயைத் திறந்தார். 1998 பொக்ரான் சோதனையில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை சார்பாக முன்னின்றவர். அன்று வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த சக்தியைத் தரவில்லை என்றார். அணுசக்தித் துறை மறுத்தது, கலாமும் மறுத்தார். யார் சொன்னது சரி என்பது இன்றைக்கும் தீராத சண்டை. எனக்கு அதில் உறைத்தது வேறு: உள்ளே இருந்தவர், பெரிய பதவியில் இருந்தவர், அவருக்கே பதினோரு வருஷம் பிடித்தது, பேசினதும் நாலா பக்கமும் பாய்ந்தார்கள். அப்படியானால் சாயாக்கடை பாட்டாவும், ஏழு அரியர் வைத்த காலனிப் பையனும் கேட்டால்?

கேட்டுத்தான் பார்த்தது கரை. 2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கி. ஆழ்கடலில் தங்கல் போயிருந்தவர்கள் பிடிபட்டார்கள். புயல் எச்சரிக்கை நேரத்துக்கு அவர்கள் காதில் போய்ச் சேரவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடாமல் இல்லை. ஆனால் போதாது, நாள் கடத்துகிறார்கள், நாங்கள் காட்டுகிற இடத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று கரைச் சனம் கதறியது. சொந்தப் போட்டை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனது. குழித்துறையில் ரயிலை மறித்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழுகிற ஒரு டம்மிக் குண்டை, அது விழுகிற இடத்தில் கப்பலோடு நின்று பார்க்கிற அரசாங்கம் இது. மரத்துண்டைப் பிடித்து மிதந்துகொண்டிருந்த ஆளைப் பார்க்க அதற்குக் கண் எட்டவில்லை. அதைத் தோல்வி என்று யாரும் அறிவிக்கவில்லை. சோதனை என்று யாரும் வைக்கவில்லையே!

நம் தோழர்களிலேயே சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். குண்டே வேண்டாம் என்கிறவர்கள் நாம், அது ஒழுங்காகப் போச்சா போகலையா என்று எதற்குக் கணக்குப் பார்க்கிறாய் என்பார்கள். பாலியபாலைச் சொல்லுவார்கள். 1980களில் ஒரிசாவின் அந்தக் கடற்கரை விவசாயிகள் சோதனைத் தளத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று சாலையை அடைத்து, சங்கு ஊதித் தட்டைத் தட்டி ஊரைக் கூட்டி, அதிகாரிகளை உள்ளேயே விடாமல் நின்றார்கள். சண்டிப்பூரில் இப்போதும் சோதனை நாளில் சுற்றுவட்டாரக் குடிசைக்காரர்களைக் காலையிலேயே கிளப்பிக் கொண்டுபோய் உட்கார வைத்து, படி கொடுத்துச் சாயங்காலம் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களுக்கு வெற்றியும் தோல்வியும் ஒரே நாள்கூலிதான். இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அது சரியான வாதம். ஆனாலும் நான் கணக்குப் பார்ப்பேன். ஏனென்றால் அவன் எங்களை அளக்கிற கோலை எங்கிருந்து எடுக்கிறான் என்று தெரிய வேண்டும். அந்தக் கோல் அவனுக்கு வளையும், எங்களுக்கு வளையாது என்பதை அவன் பத்திரிகையிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். மாணவத் தோழர்கள் ஹாஸ்டல் அறையில் ராத்திரி தனியாக உட்கார்ந்து, நான்தான் லாயக்கில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிற அந்த நேரத்துக்கு இது உதவும். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் நல்லது.

என் மூணு அரியரை நான் அடுத்த வருஷம் எழுதி முடித்தேன். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளின் ரிசல்ட் என் மேஜைக்கு வருகிறது. யாருக்கு எங்கே கழறவில்லை என்று கேட்டு உட்காருகிறேன், எல்லா நேரமும் முடிகிறது என்று சொல்லமாட்டேன். சேக்காளி கடைசி வருஷ ஃபீஸ் கட்டவில்லை. பாஸ்போர்ட் எடுத்தான். இத்தனை வருஷமாக வளைகுடாவில் ஏசி மெக்கானிக். நல்ல கைவேலைக்காரன், அவன் தொட்டால் ஓடாத கம்ப்ரஸர் கிடையாது என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

பழைய அரியர்காரர்கள் சிறப்பு வாய்ப்பில் திரும்ப எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தபோது அவனுக்குப் போன் போட்டேன். லீவு தரமாட்டான்லே என்றான். தருவான், கேட்டுப் பாரு, ஃபீஸ் நான் கட்டுதேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 2024 மார்ச்சில், அக்னி-5 பல குண்டுகளைச் சுமந்து பறந்த செய்தி வந்த அன்று அவனே கூப்பிட்டான். "பாத்தியாலே, அக்னி பாஸாயிட்டுதாம்" என்று சிரித்தான். சிரிப்பு அடங்கினதும் கேட்டான்:

"எனக்க அந்த ஏழு பேப்பர் எதெல்லாம்னு உனக்கு ஓர்மை இருக்கா? எனக்கு மறந்துபோச்சு மக்கா."

என் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன். முதல் பேப்பர் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்.